இழுப்பறையில் ஆறு அடாப்டர்கள்



சென்ற மாதம் நம் மேசையை வந்தடைந்த மடல்களுள் ஒன்று ஒரு தாயார் எழுதியது. பள்ளி இறுதி வகுப்பில் பயிலும் அவருடைய மைந்தன், விடுமுறை நாள்களில் ஒரு கடையில் கைவேலை செய்து ஈட்டிய பணத்தைச் சேர்த்து வைத்துச் சிறியதோர் ஆம்ப்ளிபையர் பலகையை வாங்கியிருக்கிறான். பழுதுபட்டுப் பரணில் கிடந்த பழைய டேப் ரிக்கார்டரின் ஸ்பீக்கர்கள் இரண்டையும் கழற்றி வைத்திருக்கிறான். செவிப்புலன் மந்தமாகிவிட்ட தன் பாட்டனார் படுக்கையில் இருந்தபடியே செய்திகளையும் ஞாயிறு திருப்பலி ஒளிபரப்பையும் கேட்கும் வண்ணம் இவற்றை இணைத்துக் கட்டில் அருகே வைத்துவிட வேண்டும் என்பது அவனது ஆவல்.

"பலகையோடு மின்சாரம் தரும் கருவி ஏதும் வரவில்லை, சுவாமி. எங்கள் மேசை இழுப்பறையில் பழைய அடாப்டர்கள் ஆறு கிடக்கின்றன. எதைச் செருகினாலும் பாடும் என்கிறான் மகன். எதையும் செருகாதே, வீடு பற்றிக்கொள்ளும் என்கிறார் அவன் தந்தை. இருவருக்கும் நடுவில் நின்று தங்களைக் கேட்கிறேன்" என்று அத்தாயார் எழுதுகிறார். அத்தோடு நில்லாமல், ஆறு அடாப்டர்களின் முதுகிலும் அச்சிட்டிருப்பதை ஓர் எழுத்தும் விடாமல் பார்த்து எழுதி அனுப்பியுள்ளார். இங்ஙனம் கேள்வி கேட்பவர்க்கு விடையளிப்பது எளிது.

ஆயினும், விடை எழுத அமர்ந்தபோது நமக்குச் சற்றுக் கூச்சமாகவே இருந்தது. ஏனெனில் இதே பொருளில் பெரும் பிழை ஒன்றைச் செய்தவர் நாம். அதனை மறைக்காமல் உரிய இடத்தில் கூறுவோம்.

முதலில் அந்த ஆறும் எவை என்று பார்ப்போம். கைப்பேசியின் சார்ஜர், 5 வோல்ட், 2 ஆம்பியர். இணைய ரௌட்டருடையது, 9 வோல்ட், 0.6 ஆம்பியர். தொலைக்காட்சியின் செட்டாப் பெட்டிக்குரியது, 12 வோல்ட், 2 ஆம்பியர். மூத்த மகள் பயின்ற கீபோர்டுக்குரியது, 9 வோல்ட், 850 மில்லி ஆம்பியர். உறவினர் விட்டுச்சென்ற மடிக்கணினியினுடையது, 19 வோல்ட், 3.42 ஆம்பியர். ஆறாவது, கையில் எடுத்தால் கல்லைப் போல் கனக்கும் பழைய மோடத்தின் அடாப்டர், 12 வோல்ட், 1 ஆம்பியர். இவற்றுள் ஏறக்குறைய எல்லாமே எதையாவது இயக்கக்கூடியவைதாம். எனினும் இந்தப் பையனின் பலகைக்கு ஒன்றே ஒன்றுதான் பொருந்தும். அது எப்படி என்பதே நம் ஆராய்ச்சி.

சுவரில் உள்ள செருகுமுனையில் நமக்குக் கிடைப்பது 230 வோல்ட் மின்சாரம். அது நொடிக்கு 50 சுற்று வீதம் திசை மாறி மாறி ஓடுவது. ஆம்ப்ளிபையருக்கு வேண்டுவதோ திசை மாறாத, மிகக் குறைந்த அழுத்தமுள்ள மின்சாரம். முன்னதைப் பின்னதாக மாற்றித் தருவதே அடாப்டரின் தொழில். ஒலியை உண்டாக்குவது ஆம்ப்ளிபையர் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் ஸ்பீக்கரை அசைக்கும் ஆற்றல் முழுவதும் அடாப்டரிலிருந்து வருவதே. ஆம்ப்ளிபையர் அதனைப் பாட்டின் வடிவத்திற்கேற்பத் திறந்து மூடும் மடை மட்டுமே. ஆதலால் மடை எவ்வளவு நேர்த்தியாயினும் வாய்க்காலில் நீர் சரியில்லையேல் பயன் இல்லை.

மைந்தன் வாங்கியிருக்கும் பலகையில் 'டி.பி.ஏ. 3116' என்னும் சிப் உள்ளது என்று தாயார் குறித்திருக்கிறார். இன்று கடைகளில் பரவலாக விற்கும் வகை இது. இதனைத் தயாரித்தவர்கள் 4.5 வோல்ட் முதல் 26 வோல்ட் வரை இதற்குக் கொடுக்கலாம் என்று வரையறுத்துள்ளனர். இவ்வளவு அகன்ற வரம்பைக் கண்டவுடன், எதைச் செருகினாலும் பாடும் என்று பையன் முடிவு கட்டிவிட்டான் போலும். அவன் சொல்வதில் பாதி உண்மை உண்டு. பாடும்தான். எப்படிப் பாடும், எத்தனை நாள் பாடும், எதை எரித்துவிட்டுப் பாடும் என்பதே கேள்வி.

இங்கே ஒரு சிறு கணக்கு. கணக்கென்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இவ்வகைப் பலகையில் ஸ்பீக்கருக்குக் கிடைக்கும் உச்ச அழுத்தம், நாம் கொடுக்கும் வோல்ட்டில் ஏறக்குறைய ஒன்று குறைவு. 12 வோல்ட் கொடுத்தால் 11. அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, ஸ்பீக்கரில் எழுதியுள்ள ஓம் அளவின் இரு மடங்கால் வகுத்தால், ஒரு ஸ்பீக்கருக்கு எத்தனை வாட் கிடைக்கும் என்பது தெரியும். 8 ஓம் ஸ்பீக்கராயின் 121-ஐ 16-ஆல் வகுக்க வேண்டும், ஏழரை வாட். 4 ஓம் ஆயின் 8-ஆல் வகுக்க வேண்டும், 15 வாட். இதையே 19 வோல்ட் மடிக்கணினி அடாப்டருக்குப் போட்டுப் பாருங்கள். 18-ஐ 18-ஆல் பெருக்க 324; 8 ஓம் ஸ்பீக்கருக்கு 20 வாட்.

மைந்தனின் ஸ்பீக்கர்களின் காந்தத்தின் பின்புறம் 8 ஓம், 10 வாட் என்று எழுதியிருக்கிறதாம். எனவே விடை தானாகவே வெளிப்படுகிறது. 12 வோல்ட்டில் ஏழரை வாட், ஸ்பீக்கர் தாங்கும். 19 வோல்ட்டில் 20 வாட். குமிழை முழுவதும் திருப்பிய ஒரு மாலைப்பொழுதில் ஸ்பீக்கரின் கம்பிச்சுருள் கருகிவிடும். சிப்புக்குப் பொருந்துவதாலேயே ஸ்பீக்கருக்கும் பொருந்தும் என்று கொள்ளலாகாது. அடாப்டரைத் தேர்ந்தெடுப்பதில் சிப் வரம்பைச் சொல்கிறது. ஸ்பீக்கரே அளவைச் சொல்கிறது.

"ஏழரை வாட்தானா?" என்று மைந்தன் முகம் சுளிக்கக்கூடும். அவனுக்கு ஒன்று சொல்வோம். வாட் இரு மடங்கானால் ஓசை இரு மடங்காகச் செவிக்குத் தோன்றுவதில்லை. சற்றே கூடியதாகத்தான் தோன்றும். ஓசை இரு மடங்காகத் தோன்ற வேண்டுமாயின் வாட் ஏறக்குறைய பத்து மடங்காக வேண்டும். நம் செவி அப்படி அமைந்திருக்கிறது. ஏழரைக்கும் இருபதுக்கும் உள்ள வேறுபாட்டைக் கட்டிலில் படுத்திருக்கும் பாட்டனார் பெரிதாக உணரமாட்டார், ஸ்பீக்கர்தான் உணரும். கடைகளில் அட்டைப் பெட்டியின் மேல் 'ஆயிரம் வாட் பி.எம்.பி.ஓ.' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். கண்ணிமைக்கும் நேரத்திற்குக்கூட நிலைக்காத உச்சத்தைக் கூட்டிப் பெருக்கிச் சொல்லும் எண் அது. அதனுள்ளிருக்கும் அடாப்டர் 12 வோல்ட், 2 ஆம்பியர் என்றால், அப்பெட்டிக்கு வரும் மொத்த ஆற்றலே 24 வாட்தான். உட்செல்வது 24 ஆயின் வெளிவருவது ஆயிரம் ஆவதெங்ஙனம்? பெட்டி வாங்குமுன் அடாப்டரின் முதுகைப் பார்க்கும் வழக்கத்தை நம் இல்லத்தரசிகள் மேற்கொள்வார்களாயின் விளம்பரக்காரர் பலர் வேறு தொழில் தேடவேண்டி வரும்.

வேறொரு வகைப் பலகையைப் பற்றியும் இங்கே எச்சரிக்க வேண்டும். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிதான சிறு பலகை ஒன்று மிக மலிவாகக் கிடைக்கிறது, 'பி.ஏ.எம். 8403' என்னும் சிப் கொண்டது. அதன் எல்லை 5.5 வோல்ட் மட்டுமே. கைப்பேசி சார்ஜர் அதற்குச் சரியான துணை. அதில் 12 வோல்ட் அடாப்டரைச் செருகும் சிறுவர்கள் ஒரு நொடிக்குள் பாடம் கற்றுவிடுகிறார்கள். நம் தாயார் எழுதியிருக்கும் பலகைக்கோ 5 வோல்ட் மிகக் குறைவு. இயங்கினாலும் ஒரு வாட்டளவே தேறும். ஆக, முதல் அடாப்டர் விலகிற்று, ஐந்தாவதும் விலகிற்று.

இனி ஆம்பியர். மடலில் அத்தாயார் அஞ்சி எழுதியிருப்பது இதுவே: "2 ஆம்பியருக்குப் பதிலாக 5 ஆம்பியர் அடாப்டரைச் செருகினால் அவ்வளவும் பாய்ந்து பலகையை எரித்துவிடாதா?" இந்த அச்சம் பலருக்கும் உண்டு; ஆனால் இது வேண்டாத அச்சம். நம் ஊர்த் திருவிழாக்களில் அசனம் நடைபெறுவதை அறிவீர்கள். ஐந்நூறு பேருக்கு வடித்த சோறு அண்டாவில் இருக்கிறது என்பதற்காகப் பந்தியில் அமர்ந்த ஒருவர் ஐந்நூறு பேர் சோற்றையும் உண்பதில்லை. தம் பசியளவே உண்கிறார். ஆம்பியர் என்பது அண்டாவின் அளவு. பலகை தனக்கு வேண்டியதை மட்டுமே எடுத்துக்கொள்ளும். அண்டா சிறிதாகிப் போனால்தான் இடர். வோல்ட் அப்படியன்று, அது இலையில் வைத்துத் திணிப்பது போன்றது. வோல்ட் சரியாக இருக்க வேண்டும். ஆம்பியர் போதுமானதாகவோ அதனினும் மிகுந்தோ இருக்கலாம்.

எவ்வளவு போதும்? இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்து 15 வாட். இவ்வகைச் சிப்பில் பத்தில் ஒரு பங்கே வெப்பமாக வீணாகிறது. எனவே 17 வாட் உட்செல்ல வேண்டும். அதை 12-ஆல் வகுத்தால் 1.4 ஆம்பியர். செட்டாப் பெட்டியின் 2 ஆம்பியர் அடாப்டர் தாராளமாகப் போதும். இதுவே 4 ஓம் ஸ்பீக்கர்களாக இருந்திருந்தால் 2.8 ஆம்பியர் வேண்டியிருக்கும். அந்த அடாப்டர் திணறியிருக்கும். அண்டா சிறிதானால் என்ன நேரும் என்றால், இக்கால அடாப்டர் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்து, மீண்டும் எழுந்து, மீண்டும் அணையும். பாட்டில் மத்தளம் அடிக்கும் போதெல்லாம் ஒலி விக்கல் எடுப்பது போல் நின்று நின்று வரும். பலகை பழுது என்று எண்ணிப் பலர் அதனைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். ரௌட்டரின் 0.6 ஆம்பியர் அடாப்டரில் இதுதான் நடக்கும்.

இப்பொழுது ஆறாவது அடாப்டருக்கு வருவோம். 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று பார்த்தவுடன் செட்டாப் பெட்டிக்குரியதன் தம்பி என்று தோன்றும். ஆனால் தாயார் எழுதியனுப்பிய பட்டியலில் 'வெளியீடு' என்னும் இடத்தில் 12 வோல்ட்டுக்கு அருகே பாம்பு நெளிவது போன்ற சிறு குறி ஒன்றையும் வரைந்திருந்தார். நல்லவேளை! அக்குறியின் பொருள் யாதெனில், உள்ளே டிரான்ஸ்பார்மர் மட்டுமே உள்ளது. வெளிவருவதும் திசை மாறி ஓடும் மின்சாரமே என்பதாம். பழைய மோடங்கள் சிலவற்றிற்கு அதுவே தேவையாயிருந்தது. அதனை இப்பலகையில் செருகினால் நொடிக்கு ஐம்பது முறை தலைகீழாகக் கொடுத்தது போலாகும். நேர்க்கோடும் அதன் கீழே புள்ளிக்கோடும் இருந்தால் மட்டுமே அது திசை மாறாத மின்சாரம். அவ்விரு கோடுகளையும் காணாமல் எதையும் செருகலாகாது.

எஞ்சியிருப்பது கீபோர்டின் அடாப்டர். அதைப் பற்றித்தான் நாம் நம் பிழையைச் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், கடற்கரையோரத்தில் உள்ள நம் கிளை ஊர் ஒன்றில் திருவிழாக் கொடியேற்றத்திற்கு முந்தைய மாலை. சிற்றாலயத்தில் பாடகர் குழுவுக்கென்று ஓர் இளைஞன் மரப்பெட்டியொன்றில் சிறு ஆம்ப்ளிபையர் கட்டிக் கொடுத்திருந்தான். மீன்பிடித் தொழில் செய்யும் குடும்பத்துப் பையன். பலகைக்கும் ஸ்பீக்கருக்கும் குழுவினர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். அன்று மாலை பெட்டி இருந்தது. அதன் அடாப்டரைக் காணோம். பையனும் வந்து சேரவில்லை. பயிற்சிக்கு நேரமாயிற்று. நாம் கீபோர்டின் அடாப்டரை எடுத்துச் செருகிப் பார்த்தோம். முனை கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்தியது, ஆதலால் உரியது என்று எண்ணினோம். 'டப்' என்றொரு சிறு ஓசை, கருகிய வாடை, அவ்வளவுதான்.

சற்று நேரத்தில் பையன் அடாப்டரோடு ஓடி வந்தான். பெட்டி பாடவில்லை. நாம் என்ன செய்தோம்? குழுவினர் அனைவரும் நிற்க, "அரைகுறையாகத் தெரிந்துகொண்டு ஊர்ப் பணத்தில் ஏனப்பா விளையாடினாய்?" என்று கடிந்துகொண்டோம். "சுவாமி, நேற்று இரவு வரை நன்றாகப் பாடியது" என்று மட்டும் சொன்னான். அதன்பின் அவன் பயிற்சிக்கு வருவதை நிறுத்திக்கொண்டான்.

மூன்று வாரம் கழித்து நகரத்தில் வானொலி பழுதுபார்க்கும் ஒரு முதியவரிடம் அப்பெட்டியைக் கொடுத்தோம். திறந்து பார்த்தவர், வீங்கி வெடித்திருந்த மின்தேக்கி ஒன்றைக் காட்டி, "கூட்டலும் கழித்தலும் மாறிப் போயிருக்கிறது, சாமி. எதைச் செருகினீர்கள்?" என்றார். நம் பையில் இருந்த கீபோர்டு அடாப்டரை எடுத்துக் கொடுத்தோம். அவர் அதனைத் திருப்பி, முதுகில் இருந்த சின்னஞ்சிறு படத்தை நகத்தால் சுட்டிக் காட்டினார். நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி ஓர் அரைவட்டம்; புள்ளியிலிருந்து செல்லும் கோட்டின் முனையில் கழித்தல் குறி. செருகியின் நடு முனையில் கழித்தல், வெளி உறையில் கூட்டல் என்பது அதன் பொருள். பெரும்பாலான அடாப்டர்களில் நடு முனையே கூட்டல். சில கீபோர்டுகளிலும், கிதார்க்காரர்கள் காலால் மிதிக்கும் ஒலிமாற்றுப் பெட்டிகளிலும் இது தலைகீழ். செருகியின் பருமனோ இரண்டிலும் ஒன்றே! இப்படி ஒரு வேறுபாட்டை வைத்துவிட்டு முனையை மட்டும் ஒரே அளவில் செய்தவர்களை நினைத்து அன்று நாம் சினம் கொண்டோம். படத்தைப் பாராமல் செருகியவர் நாமே என்பதும் உடனே நினைவுக்கு வந்தது.

அன்று மாலையே அவன் வீட்டுக்குச் சென்றோம். முற்றத்தில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தான். நடந்ததைச் சொன்னோம். அவன் அன்னை கொண்டு வந்த காப்பி ஆறும் வரை அவன் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நானும் அதைத்தான் நினைத்தேன், சுவாமி" என்றான். மூன்று வாரமும் தெரிந்தே சுமந்திருக்கிறான்! அடுத்த ஞாயிறு பாடகர் குழுவினர் முன்னிலையில், கடிந்துகொண்ட அதே இடத்தில் நின்று, தவறு நம்முடையது என்று கூறினோம். புதிய பலகைக்கான செலவும் நம்முடையதே. இப்போது அவ்வாலயத்தில் உள்ள ஒவ்வொரு அடாப்டரின் கழுத்திலும் ஒரு வண்ணத் துணித்துண்டு கட்டியிருக்கிறது. கருவியின் செருகுவாயிலும் அதே வண்ணம். அவனுடைய ஏற்பாடுதான். உப்புக்காற்றில் செருகிகளின் மேல் பச்சைக் களிம்பு ஏறுவதால் மாதம் ஒருமுறை துடைத்தும் வைக்கிறான்.

ஆக, நம் தாயாரின் மைந்தன் செட்டாப் பெட்டியின் அடாப்டரையே எடுக்கட்டும். எடுத்தவுடன் செருகிவிடாமல், மல்டிமீட்டர் ஒன்றை இரவல் வாங்கியாவது, நடு முனையில் சிவப்புக் கம்பியையும் வெளி உறையில் கறுப்புக் கம்பியையும் வைத்துப் பார்க்கட்டும். 12-க்கு அருகில் எண் தெரிந்து, அதன் முன் கழித்தல் குறி இல்லையேல் திசை சரி. பலகையிலும் நடு முனை கூட்டல்தானா என்பதை அச்சிட்டிருக்கும் குறியைக் கொண்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். சுமையின்றி 12 காட்டும் பழைய அடாப்டர் சுமையேறியதும் 9-க்கு இறங்கிவிடுவதுண்டு. அதனை அறிய, மோட்டார் வாகனத்தின் சைகை விளக்குக்குரிய 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றை அடாப்டரில் இணைத்து எரியவிட்டு மீண்டும் அளக்கலாம். குளிர்ந்த பல்பு தொடக்கத்தில் மிகுதியாக மின்சாரம் இழுப்பதால் அடாப்டர் ஓரிரு முறை திணறிப் பின் எழக்கூடும். அதற்காக அதனைக் குறைகூற வேண்டாம். எரிந்தபின் பதினொன்றரைக்கு மேல் நின்றால் நல்ல அடாப்டர்.

பழைய நாளின் 'எலிமினேட்டர்'களில் இதற்கு நேர்மாறான தொல்லை. 12 என்று எழுதியிருக்கும். சுமையில்லாதபோது 16, 17 என்று காட்டும். குருமடத்தில் பயின்ற காலத்தில், 1990-களின் தொடக்கத்தில், நாம் இதனைக் கைப்பொருள் இழந்து கற்றோம். அன்று எல்லாரும் 'டி.டி.ஏ. 2030' என்னும் சிப்பைக் கொண்டு ஆம்ப்ளிபையர் கட்டுவது வழக்கம். அதற்குக் கூட்டலில் 18, கழித்தலில் 18 வோல்ட் என்பதே மேல் எல்லை. நாம் 12-0-12 டிரான்ஸ்பார்மரை வாங்கினோம். 12-ஐ டையோடுகள் வழியே மாற்றினால் அலையின் உச்சமாகிய 17 கிடைக்கும். டையோடு உண்பது போக ஏறக்குறைய 16. எல்லைக்குள் இருக்கிறதென்று மகிழ்ந்தோம். நள்ளிரவில் ஊர் உறங்கும்போது மின்கம்பியில் அழுத்தம் 250-க்கு ஏறும் என்பதையும், சுமையில்லாத டிரான்ஸ்பார்மர் தன் பெயர்ப்பலகையில் உள்ளதைவிடப் பத்தில் ஒரு பங்கு மிகுதியாகத் தரும் என்பதையும் நாம் எண்ணவில்லை. இரண்டும் சேர்ந்தால் 19-ஐத் தாண்டிவிடும். விசையை அணைக்க மறந்த ஓரிரவில் சிப் இறந்தது. 9-0-9 வாங்கியிருந்தால் இன்றும் பாடிக்கொண்டிருக்கக்கூடும்.

அந்தப் பெட்டி உயிரோடு இருந்த நாள்களிலும் 'ம்ம்ம்' என்று ரீங்காரம் செய்தபடியே இருந்தது. காரணம், காசை மிச்சப்படுத்தி 2200 மைக்ரோபாரட் மின்தேக்கியைப் போட்டிருந்தோம். ஓர் ஆம்பியர் இழுக்கும்போது அதில் நான்கு வோல்ட்டுக்கு மேல் அலை எழும்பும். 4700 போட்டிருந்தால் அது பாதிக்கும் கீழே தணிந்திருக்கும். இக்கால அடாப்டர்களில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. இரைச்சல் கேட்டால் ஒலிக்குமிழை முழுவதும் குறைத்துப் பாருங்கள். அப்போதும் கேட்டால் மின்வழங்கியை ஐயுறலாம். குமிழோடு கூடிக் குறைந்தால் பாட்டு வரும் கம்பியில்தான் குறை. கைப்பேசியைச் சார்ஜ் செய்துகொண்டே அதிலிருந்து பாட்டு எடுத்தாலும் கீச்சொலி வரும். சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடும்.

இனி, அத்தந்தையாரின் அச்சத்திற்கு வருவோம். அவர் அச்சம் வீணானதன்று. படுக்கையருகே, முதியவர் ஒருவர் கை நீட்டித் தொடும் தொலைவில் வைக்கப்போகும் பொருள் இது. அடாப்டருக்குள் ஒரு புறம் 230 வோல்ட்; மறு புறம் 12. இரண்டுக்கும் இடையே உள்ள பிரிப்பு மட்டுமே பாட்டனாரின் கைக்கும் சுவர் மின்சாரத்திற்கும் நடுவே நிற்கும் வேலி. சாலையோரத்தில் பெயரின்றிப் பையில் போட்டுத் தரும் மிக மலிவான அடாப்டர்களில் அவ்வேலி காகிதம் போல் இருப்பதுண்டு. ஆகையால் புதிதாக வாங்குவோர் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும், 'ஆர்' என்னும் ஆங்கில எழுத்தை அடுத்து எட்டு இலக்கங்கள் கொண்ட பதிவெண்ணும் உள்ளதா என்று பார்த்து வாங்குக. செட்டாப் பெட்டியோடு முறைப்படி வந்த அடாப்டராயின் அது பெரும்பாலும் இருக்கும். உறை விரிந்தோ, வாய் பிளந்தோ, கம்பியின் தோல் வெடித்தோ இருந்தால் அதனை ஒட்டுநாடா சுற்றிப் பயன்படுத்த வேண்டாம், குப்பைக்குப் போகட்டும்.

இரண்டு முள் அடாப்டர்களில் நல்லதிலும்கூட, உலோகப் பெட்டியைத் தொடும்போது விரலில் சுருசுருவென்று ஓர் உணர்வு வருவதுண்டு. மிகச் சிறிய கசிவு அது. உயிருக்குத் தீங்கு செய்வதன்று. ஆனால் நோயுற்ற முதியவரைத் திடுக்கிட வைக்கும். எனவே பலகையை மரப்பெட்டியிலோ பிளாஸ்டிக் பெட்டியிலோ அமைப்பதே நன்று. டிரான்ஸ்பார்மரைப் பெட்டிக்குள்ளேயே வைத்து உலோக உறையில் கட்டுவோரோ, மூன்றாம் முள்ளாகிய எர்த் கம்பியை உறையோடு இறுக்கிப் பிணைத்தாக வேண்டும். ஒலிவாங்கியில் உதடு பட்டால் அடிக்கிறது என்று ஆலயத்தில் பிள்ளைகள் சொல்லும்போது நகைத்துவிட்டு நகராதீர்கள். எர்த் இல்லாத கட்டடத்தில் எர்த் இல்லாத பெட்டி இருக்கிறது என்பதற்கு அது சான்று. மின்பணியாளரை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அன்றே.

மைந்தனுக்கு இன்னும் இரண்டு சொல். இவ்வகைப் பலகையில் ஸ்பீக்கரின் இரண்டு கம்பிகளும் உயிருள்ளவை; ஒரு ஸ்பீக்கரின் கம்பி மற்றொன்றின் கம்பியையோ பெட்டியின் உலோகத்தையோ தொடலாகாது. பழைய கட்டுமானங்களில் கறுப்புக் கம்பிகளை ஒன்றாக முறுக்கும் வழக்கம் இருந்தது. இங்கே அது சிப்பைக் கொல்லும். அடாப்டரைப் போர்வைக்கடியிலோ மெத்தைக்கும் சுவருக்கும் இடையிலோ விடாமல், காற்றுப்படும் இடத்தில் வைக்கட்டும். முதல் நாள் ஒரு மணி நேரம் பாடவிட்டுத் தொட்டுப் பார்க்கட்டும். வெதுவெதுப்பு இயல்பு. கை வைத்து எடுக்க வேண்டிய சூடு இயல்பன்று.

மடிக்கணினி அடாப்டரை எறிந்துவிட வேண்டாம் என்றும் அவனுக்குச் சொல்லுங்கள். பின்னொரு நாள் 25 வாட் தாங்கும் 8 ஓம் ஸ்பீக்கர்கள் கிடைத்தால் அதே பலகைக்கு அது அருமையாகப் பொருந்தும், 3.42 ஆம்பியரும் போதும். 24 வோல்ட் அடாப்டரை மட்டும் நாம் பரிந்துரைக்க மாட்டோம். சிப்பின் எல்லை 26 என்றாலும், மலிவுப் பலகைகள் சிலவற்றில் 25 வோல்ட் மட்டுமே தாங்கும் மின்தேக்கிகளைப் பொருத்திவிடுகிறார்கள். விளிம்பில் நடப்பதில் நமக்கு விருப்பமில்லை.

இடம் சிறிது எஞ்சியிருப்பதால், தேர்ப்பவனிக்குத் தள்ளுவண்டியில் இத்தகைய ஆம்ப்ளிபையரை வைத்துச் செல்லலாமா என்று வேறொரு பங்கிலிருந்து வந்த வினாவுக்கும் விடை கூறிவிடுகிறோம். தாராளமாகச் செல்லலாம். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்று போதும்; இரைச்சலே இராது. சராசரியாக ஓர் ஆம்பியர் இழுத்தாலும் ஐந்து மணி நேரத்திற்குக் குறையாமல் பாடும். முழுச் சார்ஜில் அது 13 வோல்ட்டுக்கு மேல் காட்டுவது கண்டு அஞ்ச வேண்டாம். பத்தரைக்குக் கீழே இறங்கவும் விட வேண்டாம், பாட்டரி கெட்டுவிடும். ஆனால் பாட்டரிக்கு அடாப்டரைப் போல் தன்னை அணைத்துக்கொள்ளும் அறிவு கிடையாது. இரு முனைகளும் தொட்டுக்கொண்டால் கம்பி பழுக்கக் காய்ந்து தீப்பற்றும். கூட்டல் முனைக்கு மிக அருகிலேயே 5 ஆம்பியர் பியூஸ் ஒன்றைப் பொருத்திவிட்டு, முனைகளின் மேல் ரப்பர் மூடி போட்டு, அதன்பின் வண்டியைத் தள்ளுங்கள்.